ராஜ வீதியிலிருந்து தொடங்கட்டும்: கண்டிக்கு ஒரு நிதித்தொழில்நுட்ப வளர்ப்பகம்

இலங்கையில் பெரிய நிதிக் கம்பனி என்றால் அதன் தலைமையகம் கொழும்பில்தான் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். கண்டியில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் 1957-ல் தொடங்கிய சென்ட்ரல் ஃபினான்ஸ் கம்பனியின் தலைமையகம் கண்டி ராஜ வீதியில் இருக்கிறது. நாடு முழுக்கக் கிளை பரப்பி, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலாகி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் முன்வரிசையில் நிற்கும் கம்பனி அது. 1968-ல் தொடங்கிய செங்கடகல ஃபினான்ஸும் கண்டியில் பிறந்த கம்பனிதான். கொழும்புக்கு வெளியே ஒரே ஊரில் இப்படி இரண்டு நிதிக் கம்பனிகள் வேரூன்றி வளர்ந்தது அபூர்வம்.

நிதித்தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களுக்கென்று ஒரு வளர்ப்பகம் (இன்கியூபேட்டர்) கண்டியில் அமைய வேண்டுமா, அமைந்தால் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வியை இந்த இரண்டு கம்பனிகளை வைத்தே ஆராய வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பேச்சு வழக்கமாகக் கட்டடத்திலிருந்து தொடங்குகிறது: எத்தனை மாடி, எத்தனை இருக்கை, இணைய வேகம் எவ்வளவு. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பணத்தோடு புழங்கும் மென்பொருளை எழுதுகிற இளைஞருக்கு இவற்றைவிட அவசரமாக வேண்டியது ஒரு முதல் வாடிக்கையாளர். உரிமம் பெற்ற ஒரு நிறுவனம், தன் உண்மையான கணக்கில், உண்மையான கடனாளியோடு, சிறிய அளவிலாவது அந்த மென்பொருளைப் பாவித்துப் பார்க்க வேண்டும். உணவுக்கடைக்குச் செயலி எழுதுகிறவர் அடுத்த தெருக் கடைக்காரரிடம் போய்ப் பரீட்சித்துவிடலாம். கடனுக்கும் வைப்புக்கும் எழுதுகிறவர் அப்படிச் செய்ய முடியாது. சட்டம் விடாது, விடவும் கூடாது.

மலைநாட்டுப் பணத்தின் கதை

மலைநாட்டில் நிதி நிறுவனங்கள் தோன்றிய வரலாற்றைப் பார்த்தால் ஒரு விடயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வெளியிலிருந்து வந்த பணம் யாருக்குப் போய்ச் சேரவில்லையோ, அவர்களைச் சுற்றியே இங்கே புதியவை பிறந்திருக்கின்றன.

கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவை பிரித்தானிய வங்கிகள். கோப்பியை இலைநோய் அழித்த பிறகு, 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் மூடப்பட்டது. அதன் பணத்தாள்கள் மக்கள் கையில் வெறும் தாளாகிவிடக்கூடும் என்ற நிலையில் ஆளுநர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரச உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1888-ல், ஹட்டன் நகரில் ஹட்டன் வங்கி தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே, தோட்டத்துப் பணப் புழக்கத்தை நம்பித் தொடங்கிய சிறு வங்கி. 1970-ல் கண்டியிலும் நுவரெலியாவிலும் இருந்த வெளிநாட்டு வங்கிக் கிளைகள் அதனோடு சேர்ந்து ஹட்டன் நஷனல் வங்கி ஆனது. இன்று நாட்டின் பெரிய தனியார் வங்கிகளில் அதுவும் ஒன்று.

உள்ளூர் வியாபாரிக்குப் பிரித்தானிய வங்கியின் கதவு திறக்காத காலத்தில் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியிடமிருந்து மொத்தமாக வாங்கி, தங்கள் பொறுப்பில், தங்கள் கணிப்பில், சில்லறையாகக் கடன் கொடுத்தார்கள். ஆளை அறிந்து, குடும்பத்தை அறிந்து, கடையில் சரக்கு எப்படி நகர்கிறது என்று பார்த்துக் கடன் கொடுக்கும் முறை அது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் அந்த ஓட்டம் அறுந்தபோது, சொராப்ஜி போச்கான்வாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு 1934-ல் அறிக்கை தந்தது. 1939 ஓகஸ்ட்டில் இலங்கை வங்கி பிறந்தது. கொழும்புக்கு வெளியே அது திறந்த முதல் கிளை கண்டிக் கிளை, 1941-ல்.

கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் வேரும் இங்கேதான். சணச இயக்கம் தன் வரலாற்றை 1906-ல் கண்டி மாவட்டத்தில் தொடங்கிய சிக்கனக் கடன் சங்கத்திலிருந்து எண்ணுகிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் அதற்குப் பிறகுதான், 1911-ல், வந்தது. சட்டம் வருமுன்னே சங்கம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சென்ட்ரல் ஃபினான்ஸும் செங்கடகலவும் வளர்ந்ததும் இதே வழியில்தான். வங்கி ஏற்காத வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்: பஸ் வாங்க நினைத்தவர், லொறி வாங்க நினைத்தவர், பிறகு முச்சக்கரவண்டி வாங்க நினைத்தவர். காணி உறுதி இல்லாதவருக்கு வாகனமே பிணையானது. குத்தகைக் கொள்வனவு, அதன் பின் லீசிங் என்று இலங்கை முழுவதும் பரவிய ஒரு தொழில்முறையில் கண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. கண்டியில் நிதிப் புத்தாக்கம் என்பது இறக்குமதிச் சரக்கு என்று பேசுகிறவர்களுக்கு இந்த வரலாறு தெரியவில்லை.

இன்னொரு போக்கும் இருக்கிறது, அது எனக்கு உவப்பானதில்லை. இங்கே முளைத்தவை வளர்ந்ததும் முடிவெடுக்கும் இடம் கொழும்புக்குப் போய்விடுகிறது. ஹட்டன் வங்கிக்கு அப்படித்தான் நடந்தது. மலைநாட்டுக்கென்று இருந்த கந்துரட்ட அபிவிருத்தி வங்கியும் 2010 மே மாதம் ஏனைய ஐந்து பிராந்திய வங்கிகளோடு சேர்த்துப் பிரதேச அபிவிருத்தி வங்கியாக ஒன்றிணைக்கப்பட்டது. 1999-ல் நேஷன்ஸ் டிரஸ்ட் வங்கியைத் தொடங்கிய பங்காளிகளில் சென்ட்ரல் ஃபினான்ஸும் ஒன்று. அந்த வங்கி 2017-ல் ஃப்ரிமி என்ற டிஜிட்டல் வங்கிச் சேவையை வெளியிட்டது. கண்டியில் தலைமையகம் உள்ள கம்பனிக்கு அதில் பங்கு இருந்தும், அந்த வேலை நடந்த இடம் கொழும்பு. ராஜ வீதியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தை எவரும் இணைக்கவில்லை என்பது எனக்கு மனக்குறை.

குழாய் வந்துவிட்டது, தண்ணீர் எங்கே

நாட்டின் மின்னணுக் கொடுப்பனவுக்கான அடிப்படை அமைப்புகள் இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. 2012-ல் டயலொக்கின் கைபேசிப் பணச் சேவையான ஈசி கேஷ் வந்தது. 2015-ல் லங்காக்ளியர் அமைத்த சீஃப்ட்ஸ் முறை, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் போக வழி செய்தது. லங்காக்யூஆர் எல்லா வங்கிச் செயலிகளுக்கும் பொதுவான ஒரே குறியீட்டைத் தந்தது. 2020-ஐ மத்திய வங்கி டிஜிட்டல் கொடுக்கல் வாங்கல் ஆண்டாக அறிவித்தது. 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியாவின் யூபிஐ கொடுப்பனவு முறை இங்கே ஏற்கப்படுகிறது. தலதா மாளிகைக்கு வரும் தமிழ்நாட்டுப் பயணி தன் கைபேசியிலேயே கண்டிக் கடையில் பணம் செலுத்தலாம். 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களுக்கு கவ்பே தொடங்கியது. உலக வங்கியின் 2021 ஃபின்டெக்ஸ் ஆய்வுப்படி இலங்கையின் வயதுவந்தோரில் சுமார் 89 சதவீதத்தினருக்குக் கணக்கு இருக்கிறது. தெற்காசியாவில் இது உயர்ந்த அளவு.

கணக்கு இருப்பதும் அதைக் கொண்டு வாழ்க்கையை நடத்துவதும் வேறு வேறு. கொட்டுகொடல்ல வீதியில் ஒரு துணிக்கடைக்குள் போய் நின்று பாருங்கள். கல்லாவில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் பணம் செலுத்தப் போனால், “ட்ரான்ஸ்ஃபர் போட்டுட்டு ஸ்லிப்ப வாட்சப் பண்ணுங்க” என்பார் கடைக்காரர். க்யூஆரில் ஒரு கழிவு போகும், பணம் கணக்குக்கு வரும் நேரம் தெளிவில்லை, வருமான வரிக்காரர் பார்ப்பாரோ என்ற பயம். நேரடியாகக் கணக்குக்கு மாற்றினால் கழிவு இல்லை. ஆனால் கடையில் நிற்கும் பையனுக்கு முதலாளியின் வங்கிக் கணக்கைப் பார்க்க உரிமை இல்லை. அவன் நம்பக்கூடியது வாடிக்கையாளர் காட்டும் திரைப்பிடிப்பு மட்டும். அது இன்றைய தேதியா, நேற்றைய படமா, கணினியில் திருத்தியதா என்று அவனால் சொல்ல முடியாது. மாலையில் முதலாளி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்று குறைந்தால் பையனின் சம்பளத்தில் கழிப்பார். இந்தியக் கடைகளில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் சிறிய ஒலிப்பெட்டி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. சிங்களத்திலும் தமிழிலும் பேசி, இங்குள்ள வங்கிகளின் உடனடி மாற்றத்தையும் சேர்த்து உறுதிப்படுத்தும் கருவி என்பது எட்டாத கனவல்ல. ஒரு வங்கி ஒத்துழைத்தால் நான்கைந்து பொறியியல் மாணவர்கள் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஒத்துழைக்கும் வங்கியைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களால் ஆகாத வேலை.

இதைவிடப் பெரிய வாய்ப்பு தேயிலைக் கொழுந்தில் இருக்கிறது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர கண்டி மாவட்டத்தில்தான் உள்ளது. ஆனால் இன்றைய இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் பெருந்தோட்டத்திலிருந்து வருவதில்லை. சிற்றுடைமையாளர் நிலத்திலிருந்து வருகிறது. தெல்தோட்டை, கலஹா, புஸ்ஸல்லாவைப் பக்கங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் கொழுந்து பறித்துச் சாக்கில் கட்டி வீதியோரம் வைப்பார். தொழிற்சாலையின் லொறி வரும். தராசில் தூக்கி, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து, ஓர் அட்டையில் எடையை எழுதிக் கையில் கொடுப்பார்கள். மாத முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். விற்ற தேயிலையின் வருமானத்தில் கொழுந்து கொடுத்தவருக்கு 68 பங்கு, தொழிற்சாலைக்கு 32 பங்கு என்ற விதிப்படி விலை அமையும். அதிலிருந்து முற்பணம், உரம், சில வேளைகளில் தொழிற்சாலை மூலம் எடுத்த தேயிலைத்தூள் கழியும். மிச்சம் கைக்கு வரும்.

அந்த அட்டையை ஒரு கடன் அதிகாரியின் கண்ணோடு பாருங்கள். ஒரு குடும்பத்தின் வருமானம் மாதாமாதம், பல ஆண்டுகளாக, மூன்றாம் தரப்பு எழுதிய சான்றோடு அதில் இருக்கிறது. மழை அதிகமான மாதம், வரட்சி வந்த மாதம், வீட்டில் ஆள் சுகமில்லாமல் கொழுந்து குறைந்த மாதம் எல்லாம் தெரியும். அரச ஊழியரின் சம்பளப் பற்றுச்சீட்டுக்கு அடுத்தபடி நம்பத்தக்க ஆவணம் இது. ஆனாலும் அந்தச் சிற்றுடைமையாளர் மகளின் படிப்புக்கு ஒன்றரை இலட்சம் ரூபா கேட்டு வந்தால், இரண்டு அரச உத்தியோகத்தர்களைப் பிணைக்குக் கொண்டு வா என்பார்கள். அவர் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார், அல்லது கிழமைதோறும் வீட்டு வாசலில் தவணை வாங்கும் நுண்கடன் கம்பனிக்குப் போவார். கடன் தகவல் பணியகத்தை இலங்கை 1990-ன் 18-ஆம் இலக்கச் சட்டத்தாலேயே, தெற்காசியாவில் முன்னோடியாக, அமைத்துக்கொண்டது. அந்தப் பணியகத்தின் ஏட்டில் இவருடைய கடன் பிழைகள் பதியும்; இவருடைய இருபது வருடக் கொழுந்துக் கணக்கு பதியாது.

தொழிற்சாலையின் எடைப் பதிவையும் நிதிக் கம்பனியின் கடன் முடிவையும், உரிமையாளரின் சம்மதத்தோடு இணைக்கும் மென்பொருள் கண்டியில் எழுதப்படாமல் வேறெங்கே எழுதப்படும்? கொழும்பில் பதினைந்தாம் மாடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாக்குக் கழிவு என்றால் என்ன என்று தெரியாது. தெரியாதது அவர் குற்றமும் இல்லை.

இவ்வாறு இன்னும் சில உண்டு. மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு, கராம்பு, சாதிக்காய்க்கு விலை ஏறும்வரை பிடித்துவைக்கச் சிறு விவசாயிக்குக் கையில் காசு இருப்பதில்லை. களஞ்சியச் சீட்டுக்குக் கடன் என்பது அவருக்கு உதவும். அக்குறணை வியாபாரிகள் பலர் வட்டியைத் தவிர்ப்பவர்கள். அமானா வங்கி 2011-ல் தொடங்கியது முதல் அவர்களுக்கு ஒரு வழி உண்டு, ஆனால் சிறு சரக்குக் கொள்வனவுக்கான எளிய கருவிகள் இன்னும் வேண்டும். தோட்டக் குடியிருப்பிலும் நகரத்திலும் பெண்கள் பிடிக்கும் சீட்டு, கொப்பியிலும் நம்பிக்கையிலும் நடக்கிறது.

மற்ற ஊர்கள் செய்தவை

லண்டன் கேனரி வார்ஃபில் 2013-ல் தொடங்கிய லெவல் 39 நிதித்தொழில்நுட்ப வளர்ப்பகங்களில் உலகறிந்த ஒன்று. ரெவலூட் என்ற நிதித்தொழில்நுட்பக் கம்பனி 2015-ல் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதன் வெற்றிக்கு 39-ஆம் மாடியிலிருந்து தெரியும் காட்சியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. உண்மையான காரணம், பெருவங்கிகளின் தலைமையகங்கள் நடந்து போகும் தூரத்தில் இருந்ததுதான். மதியம் ஒரு யோசனை சொல்லி, மாலையில் அதை வாங்கக்கூடியவரைச் சந்திக்கலாம். கண்டி அளவில் சிறியதுதான். ஆனால் அந்த அருகாமை கண்டியிலும் இருக்கிறது.

தமிழ்நாடு இரண்டு வழிகளிலும் முயல்கிறது. 2021-ல் தனி நிதித்தொழில்நுட்பக் கொள்கை வெளியிட்டு, 2022 ஜூனில் சென்னை நந்தம்பாக்கத்தில் நிதிநுட்ப நகரத்துக்கு அடிக்கல் நாட்டியது. அதே ஆண்டில் அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு மதுரை, ஈரோடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் வட்டார மையங்களைத் திறந்தது. எனக்கு இரண்டாவது வழியில்தான் அதிக நம்பிக்கை. ஈரோட்டின் மஞ்சள் வியாபாரத்தையும் துணிச்சந்தையையும் சென்னையிலிருந்து புரிந்துகொள்ள முடியாது என்பதை அங்கே உணர்ந்திருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்கா இன்னொரு பாடம். கம்பனிகளைப் பல்கலைக்கழக வளாகத்தின் வாசலுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மாணவர் திட்டப்பணியும் கம்பனியின் தேவையும் அங்கே சந்திக்கின்றன.

இலங்கைக்குள் கொழும்பில் ஜீவன் ஞானமும் பிருந்தா செல்வதுரை ஞானமும் நிறுவிய ஹட்ச் 2018 முதல் இயங்குகிறது. ஆனால் நான் கண்டிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது யாழ்ப்பாணத்தை. போர் முடிந்த சில ஆண்டுகளில், அரச நிதி எதையும் எதிர்பார்க்காமல், தொண்டர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து யாழ் ஐடி ஹப்பைக் கட்டினார்கள். யாழ் கீக் சேலஞ்ச் என்ற போட்டியைப் பள்ளி மாணவர்வரை கொண்டுபோனார்கள். அங்கே பெரிய நிதிக் கம்பனிகளின் தலைமையகம் இல்லை, பேராதனை அளவுப் பொறியியல் பீடம் அப்போது இல்லை. இருந்தது ஊர்மீது பற்றும் விடாமுயற்சியும். கண்டிக்கு நிறுவனங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திடம் இருந்த அந்த உந்துதல்தான் வேண்டும்.

நம் பிள்ளைகளால் முடியுமா என்ற ஐயம் சிலருக்கு எழும். 1996-ல் டோனி வீரசிங்க தொடங்கிய மிலேனியம் ஐடி இலங்கைப் பொறியியலாளர்களை வைத்துப் பங்குச் சந்தை மென்பொருள் எழுதியது. லண்டன் பங்குச் சந்தை 2009-ல் அந்தக் கம்பனியையே 30 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2011-ல் தன் பங்கு வர்த்தகத்தை அதன் மென்பொருளுக்கு மாற்றியது. உலகின் மூத்த சந்தைகளில் ஒன்றுக்கு இயந்திரம் செய்துகொடுத்தவர்கள் தெல்தோட்டைக் கொழுந்துக் கணக்கை எழுத முடியாதவர்களா?

தடைகளும் பயங்களும்

பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2002-ல் பிரமுக வங்கி, 2008 இறுதியில் கோல்டன் கீ, 2020-ல் த ஃபினான்ஸ் கம்பனியும் ஈடிஐ ஃபினான்ஸும் என்று வைப்பிட்டவர்களைத் தெருவில் நிறுத்திய நிகழ்வுகளை மக்கள் மறக்கவில்லை. ஓய்வூதியத்தை வைத்து வட்டியில் வாழ்ந்த ஆசிரியர்கள், மத்திய கிழக்கில் உழைத்த பணத்தை வைப்பிட்ட பெண்கள் இழந்தவர்களில் இருந்தார்கள். நுண்கடனில் சிக்கிய பெண்களின் துயரம் 2018-ல் அரசே தலையிட்டு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது. பிறகு கைபேசியில் சில நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் வந்தன. தவணை தவறினால் கடனாளியின் தொலைபேசியில் இருக்கும் உறவினர்களையெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் வழக்கமும் கூடவே வந்தது. பிரமிட் மோசடிகளும் இன்று செயலி வடிவில்தான் வருகின்றன. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்தும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நிதித்தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்துத் தாயொருவர் பின்வாங்கினால் அவர் அறிந்தே பின்வாங்குகிறார்.

ஆகவே கண்டி வளர்ப்பகம் எதை வளர்க்காது என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். கைபேசித் தொடர்புப் பட்டியலைக் கேட்கும் எந்தக் கடன் செயலிக்கும் அங்கே இடம் கொடுக்கக் கூடாது. வருடாந்த வட்டியை முழுத்தொகையாக, சிங்களத்திலும் தமிழிலும், பெரிய எழுத்தில் காட்டாத எதற்கும் கொடுக்கக் கூடாது. 2022-ன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு சுமையாக எண்ணாமல், முதல் நாளே கற்பிக்கும் பாடமாக்க வேண்டும். கொழுந்து அட்டையின் தரவு உழைத்தவருக்குச் சொந்தம். தொழிற்சாலைக்கும் கம்பனிக்கும் அது இரவல்.

சட்ட வழி தெளிவாகவே இருக்கிறது. கொடுப்பனவு முறைமைகளுக்கு 2005-ன் 28-ஆம் இலக்கச் சட்டம், இலத்திரனியல் ஒப்பந்தங்களுக்கு 2006-ன் 19-ஆம் இலக்கச் சட்டம், நிதிக் கம்பனிகளுக்கு 2011-ன் 42-ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம். புதியவற்றைப் பரீட்சிக்க மத்திய வங்கியின் சாண்ட்பாக்ஸ் சோதனைக்களமும் உண்டு. ஆனால் கண்டியில் இருப்பவர் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் 115 கிலோமீற்றர் கீழே இறங்க வேண்டும். மத்திய அதிவேக வீதி கண்டியை இன்னும் எட்டவில்லை. கடுகண்ணாவ வளைவுகளைக் கடந்து போய்வர ஒரு நாள் போய்விடும். மாத்தளையில் மத்திய வங்கிக்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அதிகாரி மாதம் ஒருமுறை கண்டிக்கு வந்து இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாதா? இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2012 கணக்கெடுப்பில் கண்டி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 13.7 இலட்சம். சிங்களவர் பெரும்பான்மை, தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து கால்வாசி அளவினர். நிதிச் செயலிகள் பலவற்றில் தமிழ் ஒரு தெரிவாக இருக்கிறது, ஆனால் தெரிவு செய்து படித்தால் பொருள் விளங்காது. எங்கள் தோட்டத்து அம்மா “தவணை” என்பதை அறிவார், “கட்டுக்காசு” என்பதை அறிவார். அகராதியைப் பார்த்து எழுதிய வடமொழிக் கூட்டுச்சொல்லை அறியமாட்டார். சரியாக விளங்காமல் ஒரு பொத்தானை அழுத்தினால் போவது அவருடைய நாட்கூலி. ஆகவே கலஹாவிலும் புஸ்ஸல்லாவையிலும் உள்ளவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துத் திருத்தாத எந்தச் செயலியும் வளர்ப்பகத்தை விட்டு வெளியேறக் கூடாது.

2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் இன்னொன்றைக் கற்பித்தது. கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மண் சரிந்து வீதி அறுந்து, மின்சாரமும் தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லாமற்போன ஊர்களில் கைபேசிக்குள் இருந்த பணத்தால் ஒரு இறாத்தல் பாண்கூட வாங்க முடியாது. மலைநாட்டுக்கு எழுதும் கொடுப்பனவு மென்பொருள், சமிக்ஞை இல்லாத இரண்டு மூன்று நாட்களைத் தாங்க வேண்டும். சமவெளி நகரத்தில் இருப்பவர் இதைப் பின்னால் சேர்க்கலாம் என்று எண்ணுவார். இங்கே அது முதல் நிபந்தனை.

எப்படி அமைக்கலாம்

பெரிய கட்டடம் வேண்டாம். நகர மையத்தில், நிதிக் கம்பனிகளிலிருந்தும் வங்கிக் கிளைகளிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடி போதும். வருடத்துக்கு ஐந்தாறு குழுக்களை எடுத்தால் போதும். ஒவ்வொரு குழுவும் தன் யோசனையோடு வராமல், ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்த பிரச்சினையோடு தொடங்க வேண்டும். அந்தப் பிரச்சினையை எழுதிக் கொடுத்த நிதிக் கம்பனி, கூட்டுறவுச் சங்கம், தேயிலைத் தொழிற்சாலை எதுவானாலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் காசு கொடுத்துப் பரீட்சிக்க ஒப்பந்தம் எழுத வேண்டும். இலவசமாகப் பரீட்சிக்கிறோம் என்பவர் இடையில் விட்டுவிடுவார். காசு கொடுத்தவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணியை இதில் சேர்க்கலாம். விவசாய பீடத்திலிருந்தும் ஓர் ஆள் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும். வங்கிக் கிளையில் முப்பது வருடம் கடன் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கண்டியில் நிறைய இருக்கிறார்கள். எந்தக் கடன் ஏன் கெட்டது என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது, அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களுக்கு ஒரு மேசை கொடுங்கள். மத்திய மாகாண வர்த்தக கைத்தொழில் சம்மேளனம் ஒருங்கிணைக்கலாம். மாகாண சபையிடமோ அமைச்சிடமோ பணம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

லாபம் வருமா என்று கேட்டால், கம்பனிகளுக்கு வரும் என்றே நினைக்கிறேன். வாகன இறக்குமதி நின்ற 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில் லீசிங் தொழில் எப்படித் திணறியது என்பதை அவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். வாகனத்தை மட்டும் பிணையாக நம்பிய தொழிலுக்குப் புதிய பிணை வேண்டும். வருமானப் பதிவே பிணையாகும் கடன் அந்த இடத்தை நிரப்பக்கூடியது.

கண்டியில் வேரூன்றிய இந்த இரண்டு நிதிக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த நிதியாண்டில் தீர்க்க முடியாமல் இருக்கும் ஒரேயொரு கடன் பிரச்சினையை எழுதி, பரீட்சிக்க ஒரு தொகையும் ஒதுக்கி, பேராதனைக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் முன்னோடிகள் வங்கி ஏற்காத லொறிக்காரரை நம்பிக் கம்பனி தொடங்கினார்கள். கொழுந்து அட்டையோடு வாசலில் நிற்பவரை நம்புவது உங்கள் முறை.